விஷமும் மெழுகும் பேச்சான கதை

எகிப்தின் தீப்ஸ் நகரில், நைல் நதியின் மேற்குக் கரையில், ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் சுவரோவியம் ஒன்றில் ஒருவர் தேன்கூட்டின் முன்னால் புகை எழும் கலத்தை ஏந்தியிருக்கிறார். இன்னொருவர் அடையை எடுக்கிறார். நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில் கொடியேணியில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பர்களும் புகை போடாமல் கூட்டை நெருங்குவதில்லை. புகை பட்டால் தேனீ அடங்கும் என்பது தேன் எடுப்போர் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஏன் அடங்குகிறது? கூடு தீப்பற்றிவிட்டதென்று பதறித் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன, அதனால் கொட்ட முனைவதில்லை என்று நெடுங்காலம் சொன்னார்கள். அது பாதி விளக்கம். மீதிப் பாதி 1995இல்தான் ஆய்வாக வெளிவந்தது: புகை பட்டதும் தேனீயின் உணர்கொம்பு எச்சரிக்கை மணத்தைப் பிடிக்கும் திறனைச் சற்று நேரம் இழந்துவிடுகிறது. பத்து இருபது நிமிடத்தில் அது திரும்பிவிடும்.

மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மனிதர்கள் ஒரு பேச்சை இடைமறித்து வந்திருக்கிறார்கள், அங்கே பேச்சு நடக்கிறது என்பதே தெரியாமல். எறும்பு, தேனீ, சமூகக் குளவி, கரையான் ஆகியவற்றின் கூட்டு வாழ்க்கை பெரும்பாலும் மணத்தால் நடப்பது. அந்த மணங்களின் பூர்வீகத்தைத் தேடிப்போனவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த விடை ஒன்றுதான். அவற்றில் மிகப் பல, பேசுவதற்கென்று புதிதாகப் பிறந்தவை இல்லை. எதிரியைத் தாக்கும் நஞ்சு, உடம்பு காயாமல் காக்கும் மெழுகு, முட்டையறைக்குப் பூசும் எண்ணெய் என்று வேறு வேலைக்காக இருந்தவையே கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்தியாக மாறின.

முதலில் நஞ்சை எடுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் முதலில் கவனித்ததும் அதைத்தான். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பாதிரியாராக இருந்த சார்ல்ஸ் பட்லர் 1609இல் தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கூட்டை ஆள்வது அரசன் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, அரசி என்று அழுத்திச் சொன்ன நூல் அது. அதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: யாரையாவது ஒரு தேனீ கொட்டிவிட்டால் உடனே அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள், கொடுக்கோடு வெளியாகும் நஞ்சின் நாற்றத்தை முகர்ந்து மற்றவை திரண்டு வந்துவிடும். இருநூறு ஆண்டு கழித்து ஜெனீவாவில் பிரான்சுவா ஊபர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஊபருக்குப் பார்வை கிடையாது. உதவியாளர்களின் கண்களைக் கொண்டே தேனீக்களை ஆராய்ந்தவர். பிடுங்கிய கொடுக்கைக் கூட்டின் வாசலில் காட்டியதும் அங்கிருந்த தேனீக்கள் கொதித்தெழுந்ததை அவர் பதிவு செய்தார். 1962இல் கனடாவின் ஆய்வாளர்கள் அந்த மணத்தின் முக்கியப் பொருளை அடையாளம் கண்டார்கள். ஐசோபென்டைல் அசிடேட். பழுத்த வாழைப்பழத்தில் வீசும் அதே வாசனை. கூட்டருகே வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்று தேனீ வளர்ப்போர் சொல்வதற்கு வேதியியல் ஆதாரம் இதுதான். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலிலேயே பிடுங்கிக்கொண்டு நின்றுவிடும். தேனீ செத்துவிடும், கொடுக்கு மட்டும் எதிரி ஓடும் இடமெல்லாம் கூடவே போய் மணத்தை வீசிக்கொண்டிருக்கும்.

எறும்புகளிடமும் இதே கதை. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே 1670இல் எறும்புகளிலிருந்து கிடைக்கும் ஒரு புளிப்பான திரவத்தைப் பற்றி எழுதினார். இன்று பள்ளிக்கூட வேதியியல் பாடத்தில் வரும் ஃபார்மிக் அமிலம் அது. கட்டெறும்பின் இனத்தைச் சேர்ந்த பல எறும்புகள் கொடுக்கை இழந்துவிட்டு இந்த அமிலத்தைப் பீய்ச்சியடிக்கின்றன. கூடவே அன்டெகேன் என்ற எளிய எண்ணெயும் வெளியாகிறது. எதிரிக்கு அது எரிச்சல். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு அபாய அறிவிப்பு. ஆயுதம் எங்கே வீசப்பட்டாலும் அங்கே சண்டை நடக்கிறது என்று பொருள். அந்த வாடையைக் கேட்டதும் ஓடிவந்த கூட்டங்கள் பிழைத்தன. இயற்கைத் தேர்வு அந்த வாடையை மொழியாக்கியது.

தடத்தின் கதை இதைவிடச் சுவையானது. 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே எறும்புகள் வரிசையாகப் போகும் பாதையின் குறுக்கே விரலை அழுத்தித் தேய்த்தார். அவ்வளவுதான் சோதனை. வந்த எறும்புகள் அந்த இடத்தில் தயங்கின, இங்குமங்கும் சுற்றின, சில திரும்பிப் போயின. ஏதோ ஒன்று துணிந்து கடந்த பிறகே வரிசை மறுபடி சேர்ந்தது. கண்ணால் பார்த்து நடந்திருந்தால் விரல் தேய்த்ததில் என்ன குறைந்துவிடப் போகிறது? வழியில் மணம் பூசப்பட்டிருக்கிறது என்று போனே முடிவு செய்தார். சமையலறைச் சுவரில் யாரும் இன்றைக்கே செய்துபார்க்கக்கூடிய இந்தச் சோதனை, செலவில்லாத அறிவியலுக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு.

அதற்கப்புறம் ஆராய்ச்சி வெகுகாலம் அங்கேயே நின்றது. 1900களின் தொடக்கத்தில் அடேல் ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார். சீனாவில் சமயப் பணியாளராக இருந்துவிட்டு, நடுவயது கடந்தபின் எறும்பு ஆராய்ச்சிக்கு வந்தவர். வெவ்வேறு இனத்து எறும்புகளைப் பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் அவை சண்டையில்லாமல் ஒரே குடும்பமாக வாழ்வதைக் காட்டினார். யார் நம்மவர் என்பது இளமையில் பழகிய மணத்தைப் பொறுத்தது என்று அதிலிருந்து தெரிந்தது. ஆனால் அந்த மணம் எந்தப் பொருள் என்று கேட்டால் பதில் சொல்ல அன்று கருவியில்லை. ஓர் எறும்பிடம் இருப்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட் பெண் பட்டுப்பூச்சியின் கவர்ச்சி மணத்தைப் பிரித்தெடுக்க இருபது ஆண்டு உழைத்து, 5 லட்சம் பூச்சிகளைப் பயன்படுத்தி, 1959இல் சில மில்லிகிராம் பொருளோடு வெற்றி கண்டார். இதற்கிடையே 1952இல் மார்ட்டின், ஜேம்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் உருவாக்கிய வாயு நிறப்பகுப்பு முறை இந்த வேலையின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. அது வந்த பிறகு லட்சக்கணக்கில் பூச்சிகளைக் கொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

1950களின் கடைசி ஆண்டுகள் இந்தத் துறையின் பொற்காலம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த நெருப்பெறும்பு முதலில் கால் பதித்த இடம் அது. 1942இல் அங்கே 13 வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் அதன் புற்றைக் கண்டு குறித்து வைத்தான். எட்வர்ட் வில்சன் என்ற அந்தச் சிறுவன் வளர்ந்து ஹார்வர்டில் ஆசிரியரானபோது அதே எறும்பை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். இரை கண்ட எறும்பு புற்றுக்குத் திரும்பும்போது கொடுக்கை நீட்டித் தரையைத் தொட்டுத் தொட்டு ஓடும். பேனா முனையால் புள்ளி வைப்பது போல. எதை வைத்து எழுதுகிறது? வில்சன் எறும்பின் வயிற்றைப் பிளந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவி, கூராக்கிய மரக்குச்சியின் நுனியில் நசுக்கி, புற்றின் வாசலிலிருந்து கோடாக இழுத்தார். பின்குடல்: எறும்புகள் கண்டுகொள்ளவில்லை. நஞ்சுப்பை: அதுவும் பயனில்லை. கடைசியாக, நஞ்சுப்பைக்குப் பக்கத்தில் விரல் போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சுரப்பி. அதைத் தேய்த்ததும் டஜன் கணக்கில் எறும்புகள் புற்றிலிருந்து பொங்கி வழிந்தன. கோட்டின் மேலேயே ஓடி, அது முடிந்த இடத்தில் இரையைத் தேடிச் சுற்றித் திரிந்தன. அங்கே இரை ஒன்றும் இல்லை. ஒரு சுரப்பியின் சாறு மட்டுமே கூட்டத்தை வெளியே கூப்பிடவும் வழிகாட்டவும் போதுமானதாக இருந்தது. 1959இல் இது அச்சில் வந்தது.

இதற்கு முந்திய ஆண்டில் வில்சனும் இரண்டு கூட்டாளிகளும் செய்த இன்னொரு சோதனை இன்னும் மனத்தை உலுக்கக்கூடியது. செத்த எறும்பு ஓரிரு நாள் கிடந்தபின்தான் மற்றவை அதைத் தூக்கிக் குப்பை மேட்டில் போடுகின்றன. உடல் அழுகும்போது உண்டாகும் ஓலியிக் அமிலமே அதற்கு அடையாளம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த அமிலத்தில் ஒரு துளியை உயிருள்ள எறும்பின் மேல் தடவினார்கள். காலை உதைத்துத் திமிறிய அந்த எறும்பை மற்றவை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டன. அது எழுந்து திரும்பி வந்தது; மறுபடி தூக்கிப் போட்டன. உடம்பை நன்றாக நக்கித் துடைத்துக்கொண்ட பிறகே அதற்கு ஊருக்குள் இடம் கிடைத்தது. அசைவதையும் உதைப்பதையும் விட மணத்தின் சாட்சியம் அங்கே பெரிது.

ஒரே இனத்துக்குள் செய்தி சொல்லும் இத்தகைய பொருள்களுக்கு ஃபெரோமோன் என்று பொதுப்பெயர் வைத்ததும் அதே 1959இல்தான். வைத்தவர்கள் பூட்டனான்டின் கூட்டாளி பீட்டர் கார்ல்சனும், கரையான்களில் ராஜா ராணியின் மணம் மற்றவற்றின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் லூஷரும்.

வில்சன் நசுக்கிய அந்தச் சின்னச் சுரப்பிக்கு தூஃபூர் சுரப்பி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லியோன் தூஃபூரின் நினைவாக வந்தது. பேச்சின் பரிணாமத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சுரப்பியைப் பின்தொடர்ந்தாலே போதும். மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழும் தேனீக்களில் பல, இதன் எண்ணெயை முட்டையிடும் அறையின் சுவரில் பூசுகின்றன. ஈரம் உள்ளே இறங்காது, பூஞ்சை பிடிக்காது. வீடு பூசும் பொருள், அவ்வளவே. நெருப்பெறும்பிடம் அதே சுரப்பி வழி காட்டுகிறது. நம் வீட்டு விட்டங்களில் காகிதம் போன்ற கூடு கட்டும் ரோபலீடியா மார்ஜினேட்டா என்ற குளவியிடம் அது ராணியின் இருப்பைச் சொல்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்த குளவி அது. இந்த ராணி யாரையும் அடித்து மிரட்டுவதில்லை, பரம சாது. கூட்டின் பரப்பில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போகிறாள். அவளை அப்புறப்படுத்தினால் சற்று நேரத்தில் வேலைக்காரிகளில் ஒருத்தி கடுகடுப்பாகி மற்றவர்களை விரட்டத் தொடங்குகிறாள். அவளே அடுத்த ராணி. ராணியின் தூஃபூர் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தால் அந்தக் கடுகடுப்பு தணிகிறது என்று 2010இல் காட்டினார்கள்.

நான்காவது பயன் கொடூரமானது. பிற இனப் புற்றுகளைக் கொள்ளையடித்துக் கூட்டுப்புழுக்களைத் தூக்கிவந்து வேலைக்கு வளர்க்கும் எறும்பு இனம் ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அதன் தூஃபூர் சுரப்பி உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. ரெக்னியரும் வில்சனும் 1971இல் அதைப் பரிசோதித்தபோது, 700 மைக்ரோகிராம் அளவுக்கு அசிடேட்டுகள் அதில் நிரம்பியிருந்தன. தாக்குதலின்போது அதைத் தெளித்தால் தாக்குபவர்கள் உற்சாகமடைகிறார்கள். தற்காப்பவர்கள் பீதியில் சிதறி ஓடுகிறார்கள். அபாயச் சொல்லையே ஓயாமல் உரக்கக் கத்தி எதிரியின் ஊரைக் கலைக்கும் தந்திரம் இது. மொழி இருக்கும் இடத்தில் பொய்யும் முளைக்கிறது.

தடம் போடும் வேலையை எல்லா எறும்பும் தூஃபூர் சுரப்பியிடம் ஒப்படைத்துவிடவில்லை. டெக்சாஸில் வாழும் இலைவெட்டி எறும்பு நஞ்சுப்பையையே தடத்துக்குப் பயன்படுத்துகிறது. 1971இல் அதன் தடப்பொருளைக் கண்டறிந்தவர்கள், ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பூமியைச் சுற்றி ஒரு தடம் போட்டுவிடலாம் என்று கணக்கிட்டார்கள். வேறு எறும்புகளில் பின்குடல், வயிற்றின் அடித்தட்டு, பின்னங்கால் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து தடம் சுரக்கிறது. கரையான்களுக்கோ எறும்போடு உறவே இல்லை. அவை மரம் தின்னும் கரப்பான்பூச்சிகளின் வழியில் வந்தவை. வயிற்றின் அடியில் உள்ள தனிச் சுரப்பியால் தடமிடுகின்றன. ஒரே தேவைக்கு உயிரினங்கள் தனித்தனியே, பலமுறை, கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு விடை கண்டிருக்கின்றன. இந்த வரலாற்றில் மிக அழகான பகுதி இதுதான்.

மெழுகுக்கு வருவோம். பூச்சி எதுவானாலும் அதன் மேல்தோலில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. அது இல்லாவிட்டால் வெயிலில் சில மணி நேரத்தில் உலர்ந்து செத்துவிடும். ஹைட்ரோகார்பன் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன இந்தப் பூச்சின் கலவை இனத்துக்கு இனம், கூட்டுக்குக் கூடு வேறுபடும். எறும்புகள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது இந்த மெழுகைத் தொண்டைக்குப் பக்கத்துச் சுரப்பியில் சேர்த்துக் கலந்து, மறுபடி எல்லோர் மேலும் பூசுகின்றன. அப்படியே ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு மணம் உருவாகிறது. உணர்கொம்பால் ஒரு தொடல். நம்மவரா அந்நியரா என்று நொடியில் தெரிந்துவிடும்.

ராணியின் மணமும் பெரும்பாலும் இந்த மெழுகிலிருந்தே வந்தது. தேனீயின் கதை மட்டும் சற்று வேறு. ராணி போய்விட்ட கூட்டில் அரை மணிக்குள் சலசலப்பு எழுவதைத் தேனீ வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1950களில் இதைத் துருவினார். ராணியைச் சூழ்ந்து நக்கும் தேனீக்கள் அவள் தாடைச் சுரப்பியின் பொருளைக் கூடெங்கும் பரப்புகின்றன. அது குறைந்தால் புது ராணிக்கு அறை கட்டத் தொடங்குகின்றன. ராணி வானில் பறக்கும்போது ஆண் தேனீக்களை இழுப்பதும் அதே பொருள்தான். எறும்பு, குளவி, பம்பிள்தேனீ ஆகியவற்றிலோ மெழுகின் சில ஹைட்ரோகார்பன்களே ராணிக்கு அடையாளம். இம்மூன்றும் தனித்தனியே சமூக வாழ்வுக்கு வந்தவை. ஆயினும் அவற்றின் ராணி மணங்கள் ஒத்த வகையைச் சேர்ந்தவை என்று 2014இல் ஒரு குழு காட்டியது. தனியாக வாழ்ந்த பழைய குளவித் தாயின் உடலில், முட்டை முதிர்ந்திருப்பதைக் காட்டிய மணமே ராணி மணமாக உயர்ந்தது என்பது அவர்கள் விளக்கம்.

ராணி மணத்தால் மற்றவர்களை அடக்கி மலடாக்குகிறாள் என்றே முன்பு எழுதினார்கள். லாரென்ட் கெல்லரும் பீட்டர் நோனாக்சும் 1993இல் இதை மறுத்து, அது அடக்குமுறை அல்ல, அறிவிப்பு என்றார்கள். வளமான தாய் இருக்கும்வரை தங்கைகளை வளர்ப்பதே வேலைக்காரிகளுக்கும் ஆதாயம். ஆகவே அவர்கள் மணத்துக்குத் தாமே இணங்குகிறார்கள். அறிவிப்பு என்ற கட்சியே வலுவானது. வேதிப்பொருளால் ஒருவரை ஏமாற்றிக் கட்டிவைத்தால், சில ஆயிரம் தலைமுறைகளில் அதை எதிர்க்கும் திறன் வந்துவிடும். பல கோடி ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் ஒரு செய்தி மெய்யாக இருந்தாக வேண்டும்.

ஒற்றைப் பொருளுக்கு ஒற்றைச் செய்தி என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் மாமரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைத் தெரியாதவர் இல்லை. அதன் ஆப்பிரிக்க உடன்பிறப்பின் தலைச் சுரப்பியை 1975இல் ஆங்கிலேய ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஓர் எறும்பு எதிரியைக் கண்டதும் ஹெக்சனால் என்ற பொருள் முந்திப் பரவித் தூரத்தில் இருப்பவர்களை உஷார்ப்படுத்துகிறது. ஹெக்சைல் ஆல்கஹால் அவர்களைக் கூப்பிடுகிறது. கனமான இரண்டு பொருள்கள் விலகாமல் அந்த இடத்திலேயே தங்கி, வந்தவர்களைக் கடிக்கச் செய்கின்றன. உஷார், வா, கடி என்ற ஒழுங்கு காற்றில் பரவும் வேகத்திலேயே அமைந்துவிடுகிறது.

இவ்வளவையும் கேட்க ஒரு காது வேண்டுமே. பழ ஈயிடம் மணம் பிடிக்கும் ஏற்பிகளின் மரபணுக்கள் சுமார் 60. தேனீயிடம் சுமார் 170. எறும்புகளிடம் பல இனங்களில் 300 முதல் 500 வரை. இதன் முக்கியத்துவத்தை நிரூபித்த எறும்பு தென்னிந்தியாவைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் ஒரு சென்னை இதழில் வெளியிட்டார். நீண்ட தாடையோடு துள்ளிப் பாயும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் அதில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. இதன் ராணி இறந்துவிட்டால் வேலைக்காரிகள் நாள் கணக்கில் உணர்கொம்பால் மோதிக்கொண்டு, வென்ற சிலர் முட்டையிடத் தொடங்குவார்கள்; ஏழு மாத ஆயுள் நான்கு ஆண்டு வரை நீளும். 2010இல் இதன் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டது. 2017இல் நியூயார்க்கில் ஒரு குழு இந்த எறும்பிலும், மற்றொரு குழு வேறோர் எறும்பிலும் எல்லா மண ஏற்பிகளுக்கும் தேவையான ஒற்றை மரபணுவை முடக்கினார்கள். பிறந்த எறும்புகள் கூட்டை விட்டு அலைந்தன. தடத்தைத் தொடரவில்லை, ஊரோடு ஒட்டவில்லை. வேறோர் எறும்பு என்றேனே, அதன் மூளையில் மணத்தை வாங்கும் சுமார் 500 முடிச்சுகளில் 90தான் உருவாயின.

இந்தக் காது எவ்வளவு பழையது? மியான்மரின் அம்பர் பிசினுக்குள் சிக்கிய 10 கோடி ஆண்டுக்கு முந்திய எறும்பு ஒன்றின் உணர்கொம்பை 2024இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எச்சரிக்கை மணத்தையும் கூட்டாளியின் மெழுகையும் இன்றைய எறும்புகள் உணரப் பயன்படுத்தும் நுண்மயிர்கள் அதிலும் இருந்தன.

ஜெர்டனின் எறும்பு நியூயார்க் ஆய்வுக்கூடங்களில் பேசிவிட்டது. தமிழ்நாட்டில் மாமரத்து முசுறும், சுவர்ப் பொந்தில் கூடு வைக்கும் கொசுத்தேனீயும், வயல்வரப்புக் கரையான் புற்றும் கல்லூரி வாசலிலேயே கிடைக்கின்றன. வாயு நிறப்பகுப்புக் கருவியும் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. விலங்கியல் துறை பூச்சியைக் கொண்டுவர, வேதியியல் துறை அதன் சுரப்பியைப் படிக்க, இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கிவைக்கலாம்.